பழைய ஃபில்லிங்கை மாற்றச் சொல்கிறார்களா? சிகிச்சையும் பொருட்களும் ஒரு மதிப்புரை

பல் கிளினிக்குகளில் தினமும் நடக்கும் வேலைகளில் பெரும்பங்கு, ஏற்கெனவே அடைத்த பல்லைத் திரும்ப அடைப்பது. புதுச் சொத்தையை அடைப்பதைவிட இந்த வேலையில் மருத்துவரின் சொந்தத் தீர்மானத்துக்கு இடம் அதிகம். அதனால்தான் ஒரே வாயைப் பார்த்து ஒரு கிளினிக் "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்கிறது, இன்னொன்று "ஐந்தை மாற்றியே ஆகவேண்டும்" என்கிறது. காசு கொடுத்து வாங்கும் எந்தச் சேவையையும்போல இதையும் தரம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எந்தப் பொருள் எப்படிக் கெடும், எது உண்மையான காரணம், நல்ல வேலை எப்படி இருக்கும் என்பதை இங்கே பார்க்கலாம்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு ஃபில்லிங்கின் வயதோ நிறமோ அதை எடுக்கப் போதுமான காரணம் இல்லை. ஓரத்தில் அல்லது அடியில் சொத்தை, உடைவு, ஆட்டம், பல்லில் விரிசல், உணவு சிக்கும் இடைவெளி, இவற்றில் ஒன்றையாவது மருத்துவர் உங்களுக்குக் காட்ட வேண்டும். இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழையதைக் குடைந்து எடுக்கும்போது எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் கூடவே கொஞ்சம் நல்ல பல்லும் போகும். பல் நிற ஃபில்லிங்கில் எது பல், எது பொருள் என்று கண்ணுக்குப் பிரித்துத் தெரியாததால் இன்னும் அதிகம் போகும். மேற்பரப்பில் சின்னக் குழியாகத் தொடங்கியது அடுத்த முறை பக்கவாட்டுக்கு வரும், அதற்கடுத்த முறை ஒரு முகடு (பல்லின் கடிக்கும் மேடு) உடையும், பிறகு கேப், பிறகு ரூட் கெனால். போன பல் வளராது.

சில்வர் ஃபில்லிங்

சில்வர் ஃபில்லிங் என்று நாம் சொல்வது அமால்கம். எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த பொடி. கடைவாய்ப் பல்லில் இருபது வருடம் தாண்டியும் அசையாமல் நிற்கும் சில்வர் ஃபில்லிங்குகள் ஏராளம். உழைப்பில் இதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் தேவையில்லாமல் அதிகம் பிடுங்கப்படுவதும் இதுதான்.

நாள்பட இதன் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்து, பல்லுக்கும் ஃபில்லிங்குக்கும் நடுவே மெல்லிய பள்ளம் விழும். கூர்முனைக் கம்பியை அதில் ஓட்டினால் மாட்டும். "பாருங்கள், மாட்டுகிறது, சொத்தை" என்று சொல்வது பழைய பழக்கம். பள்ளம் என்றால் கம்பி மாட்டத்தான் செய்யும். அது பள்ளத்தின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர, சொத்தையைச் சொல்லவில்லை. அமால்கம் அரிக்கும்போது உண்டாகும் உப்புகள் அந்த இடுக்கில் படிந்து ஓரளவு அடைத்துக்கொள்கின்றன. ஆகவே பார்க்க வேண்டியது வேறு. பல்லைச் சுத்தம் செய்து, சில விநாடி காற்றடித்து உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் ஓரத்தைப் பார்க்க வேண்டும். பள்ளத்தை ஒட்டிய பல் மங்கலான வெண்மையாகவோ பழுப்பாகவோ மாறி, அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா? எனாமல் அடியில் ஆதாரமில்லாமல் நிற்கிறதா? கைக்கருவியின் நுனி பட்டால் ஈரமான துகள் வருகிறதா? இவைதான் சொத்தையின் அடையாளம். ஃபில்லிங்கைச் சுற்றிப் பல் சாம்பல் நிறமாகத் தெரிவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் உலோகத்தின் நிழல், அல்லது அரிப்பின் கறை.

பாதரச பயம் தனி விஷயம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்தது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான பட்டியலில் அமால்கமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல் புதிதாக வைப்பதை, மருத்துவர் கட்டாயம் தேவை என்று கருதும் நேர்வுகள் தவிர, நிறுத்திவிட்டது. இதைச் செய்தியில் பார்த்துவிட்டு, வாயில் இருப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்று வருபவர்கள் இருக்கிறார்கள். எடுத்துத் தர முன்வரும் கிளினிக்குகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 செப்டம்பரில் கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், சிறு பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்குப் புதிதாக அமால்கம் வைப்பதைத் தவிர்க்கச் சொன்னது. அதே அறிவிப்பில், நல்ல நிலையில் உள்ள பழைய அமால்கத்தை மருத்துவத் தேவை இல்லாமல் எடுக்க வேண்டாம் என்றும் தெளிவாகச் சொன்னது. காரணம் எளிது: வாயில் சும்மா இருக்கும்போது வெளிவருவதைவிட, குடையும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும். கெட்டுப்போய் எடுத்தே ஆகவேண்டும் என்றால் ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு) மாட்டி, தண்ணீர் தெளித்துக்கொண்டே, வேகமாக உறிஞ்சும் சக்‌ஷனை வைத்துக்கொண்டு, பொடியாக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுப்பதே முறை.

பல் நிற ஃபில்லிங்

இன்று பெரும்பாலான கிளினிக்குகளில் வைப்பது காம்போசிட். நீல விளக்கடித்து இறுக வைப்பதால் "லைட் க்யூர்" என்றும் சொல்வார்கள். ரெசின் (செயற்கைப் பிசின்) ஒன்றில் நுண்ணிய கண்ணாடித் துகள்களை நிறைத்த பசை இது. நம்மூர் கிளினிக்குகளில் அதிகம் தெரியும் ஒன்று ஃபில்டெக் இசட்350 எக்ஸ்டி. அதன் ஒளி ஊடுருவாத ஷேடுகளில் எடையில் 78.5 சதவீதம் துகள்தான். மெருகு நன்றாக நிற்கும், முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் பொதுவாக வைக்கலாம். பொருளாக இதற்கு நாங்கள் நல்ல மதிப்பெண்ணே தருவோம். தோல்வி பெரும்பாலும் பொருளால் வருவதில்லை, வைக்கும் முறையால் வருகிறது.

காம்போசிட் இறுகும்போது சுருங்கும். கன அளவில் 2 சதவீதத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் விளக்கடிக்க வேண்டும். விளக்கு பழசாகி ஒளி குறைந்திருந்தாலும், நுனியில் பழைய ரெசின் ஒட்டியிருந்தாலும், விளக்கைச் சரித்துப் பிடித்தாலும் மேலே கல்லாக இருக்கும், அடி வேகாமல் இருக்கும். ஆறு மாதத்தில் கூச்சம், இரண்டு வருடத்தில் அடியில் சொத்தை. ஆழமாக ஒரே தடவையில் வைக்க 4 மில்லிமீட்டர் வரை வேகும் பல்க்ஃபில் வகைகள் தனியாக உண்டு. சாதாரண காம்போசிட்டை அப்படி வைக்கக் கூடாது.

மாற்ற வேண்டுமா என்று பார்க்கும்போது காம்போசிட்டில் குழப்புவது கறை. ஓரத்தைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு இருந்தால் முதலில் பாலிஷ் டிஸ்க் வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். காபி, டீ, வெற்றிலை, புகையிலைக் கறைகள் பல சமயம் அதிலேயே போய்விடும். கோடு போகாமல் உள்ளே இறங்கி, பல்லின் ஊடாகப் பழுப்பாகப் பரவித் தெரிந்தால்தான் கசிவு என்று சந்தேகிக்கலாம். ஓரத்தில் முடியளவு வெள்ளைக் கோடு தெரிவதும் உண்டு. சுருக்கத்தின் இழுப்பில் எனாமல் நுணுக்கமாக விரிந்த தடயம் அது, மாற்றுவதற்கான காரணம் இல்லை.

இரண்டு பற்களுக்கு நடுவே, ஈறை ஒட்டிய கீழ் ஓரம்தான் இதன் பலவீனமான இடம். அங்கே எனாமல் மெலிந்தோ இல்லாமலோ இருக்கும், ஒட்டு பிடிப்பது குறைவு, எச்சில் எளிதில் நுழையும், பிரஷ் போகாது. திரும்ப வரும் சொத்தையில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடியில் எவ்வளவு பார்த்தாலும் தெரியாது.

சிமென்ட்

பொடியும் திரவமும் குழைத்து வைக்கும் வெள்ளைச் சிமென்ட் ஜிஐசி, அதாவது கிளாஸ் அயனோமர். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கியது. பல்லோடு வேதியியல் முறையில் ஒட்டும், ஃப்ளோரைடு விடும், விலை குறைவு. பால் பற்கள், ஈறோரத் தேய்மானம், முதியவர்களின் வேர்ச் சொத்தை ஆகியவற்றுக்கு இதையே பரிந்துரைப்போம். பக்கவாட்டு வரை போகும் பெரிய குழிக்கும் கடிக்கும் முகட்டுக்கும் வேண்டாம். தேயும், நடுவில் உடையும்.

கெட்டியாக நிற்கும் ஜிசி கோல்டு லேபிள் 9 போன்ற வகையில்கூடக் குழைக்கும் கையைப் பொறுத்தே ஆயுள். ஒரு மட்டக் கரண்டிப் பொடிக்கு ஒரே ஒரு சொட்டுத் திரவம். பொடியை இரண்டு பாகமாகப் பிரித்து, முதல் பாகத்தைச் சுமார் 10 விநாடி, பிறகு மீதியைச் சேர்த்து, மொத்தம் 25 முதல் 30 விநாடிக்குள் குழைத்து முடிக்க வேண்டும். கலவையின் மேல் ஈரப் பளபளப்பு இருக்கும்போதே பல்லில் வைத்துவிட வேண்டும். பளபளப்பு போய்விட்டால் பல்லோடு ஒட்டும் சக்தியும் போய்விட்டது என்று பொருள். நம்மூர் வெயிலில் நேரம் இன்னும் சுருங்கும். குழைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று இன்னொரு சொட்டு விட்டால் சிமென்ட் பால்கோவாவாக இளகி, ஒரு வருடத்தில் குழியாகத் தேய்ந்துபோகும். இறுகியவுடன் மேலே வார்னிஷ் அல்லது வாசலின் பூச வேண்டும். பூசாவிட்டால் எச்சில் ஊறி, அல்லது காற்றில் உலர்ந்து வெடிப்பு விழும்.

கிராம்பு வாடையடிக்கும் ஃபில்லிங் தற்காலிகமானது; சில வாரங்களுக்கு மட்டும். அதை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் பல்லையே இழக்க நேரலாம். வலி நின்றதும் மறந்துவிடாதீர்கள்.

உங்களுக்கே தெரியும் அறிகுறிகள்

குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று வந்து ஓரிரு விநாடியில் நின்றுவிடும் கூச்சத்துக்குப் பல காரணம் உண்டு: ஈறு இறங்கியிருக்கலாம், தேய்மானமாக இருக்கலாம், ஓரம் கசியலாம். குளிர் போன பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நின்றால், சூடு பட்டாலும் வலித்தால், ராத்திரி தானாகவே விண்ணென்று தெறித்தால், விஷயம் ஃபில்லிங்கைத் தாண்டி நரம்புக்குப் போய்விட்டது. அந்த நிலையில் ஃபில்லிங்கை மட்டும் மாற்றுவது வீண்செலவு. முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமானாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடிக்கும்போது வருவதைவிட, கடித்துவிட்டு வாயைத் திறக்கும் கணத்தில் சுருக்கென்று வலித்தால் விரிசலைச் சந்தேகியுங்கள். முறுக்கு, சீடை, எலும்பு, கொட்டைப்பாக்கு கடிப்பவர்களிடமும் தூக்கத்தில் பல் நறநறப்பவர்களிடமும், பெரிய பழைய ஃபில்லிங் உள்ள கடைவாய்ப் பல்லில் இது வரும். முகடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஃபில்லிங் பிடித்திருந்தால் மீதிப் பல் சுவர்கள் மெலிந்திருக்கும். மருத்துவர் ஒவ்வொரு முகட்டிலும் தனித்தனியாகக் கடிக்கவைக்கும் பிளாஸ்டிக் குச்சியால் சோதிப்பார். பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் விரிசலில் ஒளி தடைபட்டு நிற்கும். விரிசல் உறுதியானால் திரும்ப அதே ஃபில்லிங்கை வைப்பதில் பயனில்லை, முகட்டை மூடும் ஆன்லே அல்லது கேப் வேண்டும். இங்கே மட்டும் நாங்கள் "காத்திருங்கள்" என்று சொல்ல மாட்டோம். விரிசல் வேர்வரை இறங்கிவிட்டால் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஃப்ளாஸ் நூலை விட்டால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிசிறி அறுந்தால், அங்கே ஓரம் துருத்திக்கொண்டிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. ஒரே இடுக்கில் கீரை நாரும் கறியும் சிக்கினால் இரு பற்களுக்கும் நடுவே தொடுபுள்ளி போய்விட்டது. வலி இல்லாவிட்டாலும் இது முக்கியமான காரணம். ஈறும் எலும்பும் அங்கே மெல்லக் கரையும். நாக்கில் கூர்மையாகத் தட்டுப்படுவது சில சமயம் உடைந்த ஃபில்லிங், சில சமயம் உடைந்த பல். பல சமயம் தேய்த்துவிட்டாலே தீரும்.

எக்ஸ்ரே

இரண்டு ஃபில்லிங்குக்கு மேல் மாற்றச் சொல்லும் எந்த கிளினிக்கிலும் பைட்விங் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். மேல், கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேற்பாகத்தை ஒன்றாகக் காட்டும் சிறு படம் அது. பற்களின் இடுக்கிலும் ஃபில்லிங்கின் கீழ் ஓரத்திலும் வரும் சொத்தைக்கு அதுதான் பொருத்தமானது. முழுத் தாடையையும் காட்டும் ஓபிஜி படத்தை மட்டும் வைத்து "ஃபில்லிங் கீழே சொத்தை" என்று சொன்னால் ஏற்காதீர்கள். அதில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும், நுணுக்கம் தெரியாது. வேர்நுனியைப் பார்க்கத் தனிப்பல் படம் வேறு.

படத்திலும் ஏமாறும் இடம் இருக்கிறது. ஃபில்லிங்கின் அடியில் கறுப்பாகத் தெரிவது எல்லாம் சொத்தை ஆகாது. பழைய கால்சியம் ஹைட்ராக்சைடு அடிப்பூச்சு சிலவும், குழியில் தேங்கிய ஒட்டுத் திரவமும், முற்காலக் காம்போசிட் சிலவும் எக்ஸ்ரேயில் கறுப்பாகவே விழும். சீரான, கூரான எல்லையோடு இருந்தால் பெரும்பாலும் பொருள். மங்கலாகப் படர்ந்து விரிந்தால் சொத்தை. பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு வருட இடைவெளியில் கறுப்பு வளரவே இல்லை என்றால் அந்த ஒரு ஒப்பீடு பல குடைச்சல்களைத் தவிர்க்கும்.

முழுதாக எடுப்பதற்கு முன்

இந்தச் சேவையில் நாங்கள் காணும் பெரிய குறை, பழுதுபார்ப்பை யாரும் சொல்வதில்லை என்பது. ஒரு மூலையில் உடைந்திருந்தால் அந்த மூலையை மட்டும் சுரண்டி, பழைய காம்போசிட்டின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, சைலேன் என்ற இணைப்புத் திரவம் பூசி, ஒட்டுத் திரவம் தடவிப் புதிதாகச் சேர்க்கலாம். அமால்கத்தின் ஓரத்தையும் இப்படிக் காம்போசிட்டால் சரிசெய்யலாம். ஓரச் சொத்தை சிறியது, மற்ற ஓரங்கள் நன்றாக இருக்கின்றன, வலி இல்லை என்றால் இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும். நேரம் குறைவு, செலவு குறைவு, நரம்புக்குத் தொந்தரவு குறைவு. "மெருகேற்றினால் போதுமா, ஓரத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா?" என்று நீங்களே கேளுங்கள். முடியாது என்றால் ஏன் என்று மருத்துவர் புகைப்படத்திலோ எக்ஸ்ரேயிலோ விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்டத் தயங்கினால் இன்னொருவரிடம் கேட்பதில் தவறில்லை. சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கம் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் குறைந்த செலவில் கேட்கலாம். நேரம் மட்டும் ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும்.

மாற்றியே ஆகவேண்டும் என்றால்

நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலையின் தரத்தை எடைபோட முடியும். காம்போசிட் என்றால் ரப்பர் டேம், அல்லது குறைந்தபட்சம் பஞ்சுருளையும் நிற்காத சக்‌ஷனும் வேண்டும். எச்சில் பட்ட ஒட்டு ஒட்டாது. ஆசிட் ஜெல்லை 15 விநாடி வைத்துக் கழுவுவார்கள். பிறகு ஒட்டுத் திரவத்தை வெறுமனே தடவாமல் சுமார் 20 விநாடி தேய்த்து, காற்றடித்து, விளக்கடிக்க வேண்டும். நடுவில் வாய் கொப்பளிக்கச் சொன்னால் அந்த ஒட்டைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். நரம்புக்கு மிக அருகில் இருக்கும் சொத்தையை ஒட்டச் சுரண்டாமல், ஓரங்களை முழுதாகச் சுத்தம் செய்து, அடியில் தோல்போல் உறுதியாக இருக்கும் கொஞ்சத்தை விட்டு மூடுவது இப்போது ஏற்கப்பட்ட முறை. "சொத்தையை விட்டுவிட்டார்" என்று பயப்பட வேண்டாம், நரம்பைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

இடுக்கு ஃபில்லிங் என்றால் மெல்லிய உலோகப் பட்டையும் ஆப்பும் வைத்து, அடுத்த பல்லோடு தொடுபுள்ளியைத் திரும்ப உருவாக்க வேண்டும். முடிந்ததும் அங்கேயே ஃப்ளாஸ் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தடைபட்டு "டக்" என்று இறங்க வேண்டும், வரும்போது பிசிறக் கூடாது. தடையே இல்லாமல் சுலபமாக இறங்கினால் ஒரு மாதத்தில் அந்த இடுக்கில் சாப்பாடு சிக்கும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிறகு சரிசெய்ய மறுபடியும் குடைய வேண்டும்.

கடைசியில் நீலத்தாள் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். பக்கவாட்டிலும் அரைத்துப் பாருங்கள். மரத்துப்போன வாயில் கடி சரியாகத் தெரியாது, ஆகவே மறுநாள் அந்தப் பல் மட்டும் முதலில் தட்டுப்பட்டால் திரும்பப் போய்த் தேய்த்துக்கொள்ளுங்கள். சில நிமிட வேலை, பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம் வாங்க மாட்டார்கள். சாப்பிடுவதற்குச் சிமென்ட் ஃபில்லிங்குக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் பொறுங்கள், கடினமானதை அன்று அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம். காம்போசிட் விளக்கடித்தவுடன் இறுகிவிடும். மரப்பு போகும்வரை கன்னத்தையும் நாக்கையும் கடித்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். குளிருக்கு இரண்டு வாரம் வரை லேசான கூச்சம் இருந்து, நாளுக்கு நாள் குறைந்தால் இயல்பு. குறையாமல் கூடினாலோ, கடித்தால் வலி நின்றுகொண்டே இருந்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். போகும்போது எந்த அளவு குளிருக்கு எத்தனை விநாடி வலிக்கிறது, கடிக்கும்போதா விடும்போதா என்று குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.